மில்புரூக் வாகனச் சோதனைக் களத்தில் ஒரு நாள்: எங்கள் ஸ்போர்ட்ஸ் கார் சங்கத்திடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்ற செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, எங்கள் ஸ்போர்ட்ஸ் கார் சங்கத்தின் பத்தொன்பது கார்கள் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷையரில் உள்ள மில்புரூக் வாகனச் சோதனைக் களத்துக்குப் போய்வந்தன. அவற்றில் ஒன்று என்னுடைய 1991ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5. லூட்டனிலும் மில்டன் கீன்ஸிலும் இருக்கும் தமிழ் நண்பர்கள், ஊரிலிருந்து போனில் விசாரிக்கும் உறவினர்கள், அடுத்த முறை வர நினைப்பவர்கள் எனப் பலரும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதி வைக்கிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன. அந்த இடத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது.

மில்புரூக் என்பது பந்தயத் திடலா?

இல்லை. அங்கே யாரும் யாரையும் முந்துவதற்காக ஓட்டுவதில்லை. சுமார் 700 ஏக்கர் நிலத்தில், வேலிக்குள், மொத்தம் 70 கிலோமீட்டர் அளவுக்குப் பலவகைப் பாதைகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். சாய்வான வட்டப்பாதை, ஒரு மைல் நேர்ப்பாதை, மலைப்பாதை, கல் பதித்த கரடுமுரடான பாதை, சேறும் பள்ளமுமான காட்டுப்பாதை என்று ஒரு வாகனம் தன் ஆயுளில் சந்திக்கக்கூடிய சாலைகள் பெரும்பாலும் அங்கே உண்டு. கூடவே புகைச் சோதனைக்கும் மோதல் சோதனைக்கும் தனித்தனிக் கூடங்கள். கார், பஸ், லாரி, ராணுவ வண்டி எல்லாம் வருகின்றன.

பந்தயத் திடலில் கேள்வி 'யார் முதலில்?' என்பது. சோதனைக் களத்தில் 'எது முதலில் உடையும்?' என்பதுதான் கேள்வி. இந்த வித்தியாசம் மனத்தில் பதிந்துவிட்டால் கீழே உள்ள பதில்களில் பாதி தானே விளங்கிவிடும்.

யார் கட்டியது? நமக்கும் அதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

லூட்டனைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த வாக்ஸ்ஹால் நிறுவனம் கட்டியது. 1970இல் பயன்பாட்டுக்கு வந்தது. வாக்ஸ்ஹால் அப்போது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்தில் இருந்தது. பிறகு கைமாறிக் கைமாறி, 2021 முதல் யூடாக் என்ற பிரெஞ்சு நிறுவனத்திடம் இருக்கிறது. எந்தக் கார் நிறுவனமும் கட்டணம் கட்டிப் பயன்படுத்தலாம்.

தொடர்பு உண்டு. வாக்ஸ்ஹால் செய்த லாரிகளுக்கும் பஸ்களுக்கும் பெட்ஃபோர்ட் என்று பெயர். இந்த மாவட்டத் தலைநகரின் பெயர்தான் அது. இலங்கையில் அந்தக் காலத்துப் பெட்ஃபோர்ட் லாரியில் சாமான் ஏற்றாத ஊர் இருந்திருக்காது. இந்தியாவில் 1980களில் 'கான்டெஸா' வந்தபோது அதை வீதியில் நின்று பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தக் கான்டெஸா, 1970களில் வாக்ஸ்ஹால் விற்ற விக்டர் காரின் வடிவத்தை வாங்கி ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தது. என் மாமா சேலத்தில் ஒரு கறுப்புக் கான்டெஸா வைத்திருந்தார். லூட்டன் தொழிற்சாலை 2025 மார்ச்சில் மூடப்பட்ட செய்தியை அவருக்குத்தான் முதலில் போன் செய்து சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

இதையெல்லாம் பொதுச் சாலையிலேயே சோதித்துவிட முடியாதா?

ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். மில்புரூக்கை ஒட்டிப் போகும் எம்1 நெடுஞ்சாலை 1959இல் திறக்கப்பட்டபோது அதற்கு வேக வரம்பே கிடையாது. 1964 ஜூனில் ஏசி என்ற கார் நிறுவனத்தார் தங்கள் கோப்ரா பந்தயக் காரை அந்தச் சாலைக்குக் கொண்டுவந்து, ஜாக் சியர்ஸ் என்ற ஓட்டுநரைக் கொண்டு மணிக்கு 185 மைல், அதாவது ஏறக்குறைய 298 கி.மீ. வேகத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். விடியற்காலையில், மற்ற வண்டிகளும் போகும் அதே சாலையில். செய்தி வெளியானதும் பெரிய சர்ச்சை ஆயிற்று. 1965 டிசம்பரில் 70 மைல் வரம்பு வந்தது. கோப்ராவால்தான் வரம்பு வந்தது என்று பலர் சொல்வார்கள். அந்த ஆண்டு பனிமூட்டத்தில் நடந்த தொடர் விபத்துகளே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

வேகம் ஒரு பக்கம் இருக்கட்டும். பொதுச் சாலையில் ஒரே பள்ளத்தில், ஒரே வேகத்தில், ஒரே பாரத்தோடு ஆயிரம் தடவை ஏறி இறங்க முடியாது. ஒரு முறை ஓட்டியதைப் போலவே மறுமுறையும் ஓட்ட முடிந்தால்தான் அது சோதனை.

வட்டப்பாதையில் கையை எடுத்தாலும் கார் தானாகவே திரும்புமாமே, உண்மையா?

உண்மை. அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன்.

சாதாரண வளைவில் கார் நேராகப் போகவே பார்க்கும். டயர் சாலையைப் பக்கவாட்டில் கவ்வி இழுத்துத்தான் அதைத் திருப்புகிறது. சாலையே உள்பக்கமாகச் சாய்ந்திருந்தால், காரைத் தாங்கும் தரை தானே ஒரு பங்கு உள்நோக்கித் தள்ளும். சாய்வு ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான வேகம் ஒன்று உண்டு. அந்த வேகத்தில் போனால் தரை தள்ளுவதே வளைவுக்குப் போதும். டயர் பக்கவாட்டில் இழுக்க வேண்டிய வேலையே இல்லை. ஸ்டீயரிங்கும் ஓய்வாக இருக்கும்.

மில்புரூக் வட்டத்தின் சுற்றளவு 2 மைல். அப்பழுக்கில்லாத வட்டம், நடுவில் நேர்ப்பகுதி எதுவும் இல்லை. ஐந்து தடங்கள். உள்தடம் ஏறக்குறையத் தட்டை. வெளியே போகப் போகச் சாய்வு ஏறுகிறது. உச்சித் தடத்துக்குப் பொருத்தமான வேகம் மணிக்கு 100 மைல், நம் கணக்கில் 160 கி.மீ. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நினைவிருப்பவர்கள் ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம்: ஆரம் சுமார் 510 மீட்டர், வேகம் விநாடிக்கு 44.7 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் ஏறக்குறைய 0.4 வரும். அப்படியானால் சாய்வு 22 பாகை. அந்த வேகத்தில் ஒரு சுற்றுக்குச் சரியாக 72 விநாடி.

ஊர்த் திருவிழாவில் மரணக் கிணறு பார்த்தவர்கள் 'அதே மாதிரிதானே?' என்கிறார்கள். இல்லை. மரணக் கிணற்றின் சுவர் செங்குத்து. அங்கே மோட்டார் சைக்கிளைக் கீழே விழாமல் பிடித்து நிறுத்துவது டயரின் உராய்வு மட்டும்தான். மில்புரூக்கின் உச்சித் தடத்தில் பக்கவாட்டு உராய்வின் தயவே தேவைப்படாது.

நீங்கள் கையை எடுத்தீர்களா? எப்படி இருந்தது?

முழுதாக எடுக்கவில்லை. விரல்களை வளையமாக வைத்துக்கொண்டு, பிடியை மட்டும் விட்டேன்.

களத்தின் பயிற்றுநர் முதல் சில சுற்றுகள் என் பக்கத்தில் அமர்ந்திருந்தார். ஒவ்வொரு தடமாக மேலே ஏறினோம். உச்சித் தடத்தில் 145 கி.மீ. வேகத்தில் போனபோது கார் மெதுவாகக் கீழே இறங்கப் பார்த்தது. ஸ்டீயரிங்கை ஒரு விரல் அகலம் மேல்பக்கம் பிடித்திருக்க வேண்டியிருந்தது. 155க்கு வந்ததும் அந்த இழுப்பு குறைந்தது. 160ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் சட்டென்று அமைதியாகிவிட்டது. கையில் அதுவரை இருந்த சின்ன முறுக்கம் மறைந்து, நேர்ச்சாலையில் போவது போலவே இருந்தது. கண்ணோ வேறு சொல்கிறது: இடது ஜன்னலில் வானம், வலது ஜன்னலில் புல்வெளி, எதிரே சாலை முடிவில்லாமல் வளைந்து மேலேறிக்கொண்டே இருக்கிறது.

அடுத்த சுற்றுகளுக்கு என் சித்தப்பா மகன் ஏறினான். பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலை முழங்கால்களுக்கு இடையில் நேராகப் பிடித்திருந்தான். "அண்ணா, தண்ணீரைப் பாருங்கள்" என்று கத்தினான். நான் சாலையைத்தான் பார்த்தேன். அவன் பிறகு விவரமாகச் சொன்னான். 160இல் தண்ணீர் மட்டம் டேஷ்போர்டுக்கு இணையாக, அசையாமல் நின்றிருக்கிறது. வேகத்தைக் குறைத்ததும் தண்ணீர் உள்பக்கம் சாய்ந்திருக்கிறது. இயற்பியல் புத்தகத்தில் அம்புக்குறி போட்டுப் படித்ததை அவன் அன்று ஐம்பது ரூபாய்கூடப் பெறாத ஒரு பாட்டிலில் பார்த்துவிட்டான்.

எஞ்சின் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தப் பாட்டில்தான் பதில். பொருத்தமான வேகத்தில் போகும்வரை ஆயிலும் தொட்டியில் மட்டமாகவே கிடக்கும். தட்டையான வட்டத்தில் வேகமாகச் சுற்றினால்தான் ஆயில் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும் ஆபத்து வரும்.

அப்படியானால் ஆபத்தே இல்லையா?

இருக்கிறது. டயரில் இருக்கிறது. அந்தச் சாய்வில் கார் தன் எடையைவிட ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதல் பாரத்தோடு தரையை அழுத்துகிறது. மோட்டார் பாதையில் வேகத்தைக் குறைக்கவும் கூட்டவும் நேரிடும். இங்கே ஒரே வேகம், இடைவெளியே இல்லாமல். காற்று குறைந்த டயராக இருந்தால் பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிர்ந்து, சூடேறிக்கொண்டே போகும். பழைய டயரில் பூ (தரையைக் கவ்வும் வரிப்பள்ளம்) ஆழமாக இருந்தாலும் ரப்பர் வயதாகி இறுகிப்போயிருக்கும்.

இதற்கு வரலாற்றில் ஒரு பெரிய பாடம் உண்டு. நூனீட்டன் அருகே, பழைய போர் விமானத் தளம் ஒன்றில் இயங்கும் மைரா என்ற சோதனைக் களம் மில்புரூக்கைவிட மூத்தது. 1971 ஜனவரியில் ஜாகுவார் நிறுவனம் தன் எக்ஸ்ஜே13 பந்தயக் காரை ஒரு விளம்பரப் படப்பிடிப்புக்காக அங்கே கொண்டுபோனது. உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதான் செய்யப்பட்ட கார் அது. ஓட்டியவர் ஜாகுவாரின் தலைமைச் சோதனை ஓட்டுநர் நார்மன் டியூயிஸ். சாய்வான வளைவில் வேகமாகப் போகும்போது பின்சக்கரம் உடைந்தது. கார் தடுப்பில் மோதி, புரண்டு புரண்டு உருக்குலைந்தது. டியூயிஸ் எஞ்சினை அணைத்துவிட்டு, டேஷ்போர்டுக்குக் கீழே உடலைச் சுருக்கிப் பதுங்கிக்கொண்டார். பெரிய காயமில்லாமல் எழுந்து வந்தார். 98 வயது வரை வாழ்ந்து 2019இல் காலமானார். அந்தக் காரைப் பின்னாளில் திரும்பக் கட்டினார்கள்.

நம் காலத்தில் களம் வைக்கும் விதிகளெல்லாம் இப்படிப்பட்ட நாள்களில் பிறந்தவை. எங்கள் வருகையின்போது காலையில் ஒருவர் எல்லாக் கார்களின் டயரையும் குனிந்து, விரலால் தடவிப் பார்த்தார். ஒரு நண்பருடைய காரின் டயரில் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள். அவரை வட்டப்பாதையில் விடவில்லை. அவருக்கு வருத்தம்தான், ஆனால் செய்தது சரி.

வாங்கிய காரை எதற்கு மறுபடி சோதிக்க வேண்டும்? (இது என் அம்மா கேட்டது)

பானை வாங்கும்போது அம்மா தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். வாங்கி வந்தபின்பும் அடுப்பில் ஏற்றுமுன் ஒரு முறை தட்டுவார். நான் செய்ததும் அதுதான். 34 வயதான கார். அதை எவ்வளவு நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்று தெரிந்துகொள்ள இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. எதிரே வண்டி வராது. குழந்தை குறுக்கே ஓடாது. ஏதாவது ஆனால் இரண்டு நிமிடத்தில் மீட்பு வண்டி வந்துவிடும்.

கல் பதித்த பாதையில் உங்கள் காரை ஓட்டினீர்களா?

ஒரே ஒரு முறை, நடந்து போகும் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக. பெல்ஜியத்துப் பழைய தெருக்களைப் போலக் கருங்கற்களை மேடும் பள்ளமுமாகப் பதித்த பாதை அது. தொழிற்சாலை ஓட்டுநர்கள் அங்கே புதிய மாதிரிகளை நாள்கணக்கில் ஓட்டுகிறார்கள். சாதாரணச் சாலையில் பல ஆண்டுகளில் வரும் தேய்மானத்தைச் சில வாரங்களில் கொண்டுவந்துவிடுவதுதான் நோக்கம். எங்கே பற்றவைப்பு விடுகிறது, எந்த ரப்பர் புஷ் கிழிகிறது, எந்த ஒயர் உராய்ந்து அறுகிறது என்பதெல்லாம் வாங்குபவருக்குத் தெரிவதற்குமுன் செய்தவருக்குத் தெரிய வேண்டும்.

என் காரில் கையுறைப் பெட்டியின் மூடி திறந்துகொண்டு, உள்ளே இருந்த டயர் காற்றுமானி மடியில் வந்து விழுந்தது. பின்பக்கம் இடது மூலையில் 'டொக், டொக்' என்று ஒரு சத்தம். இரண்டு வருடமாக மழை நாளில் மட்டும் லேசாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அது. எங்கிருந்து வருகிறது என்று ஒரு மெக்கானிக்கும் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் கற்கள் அரை நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிட்டன. வளைவில் கார் சாயாமல் தடுக்கும் ஆன்டிரோல் பாரை இணைக்கும் சிறிய கம்பியின் முனை தேய்ந்திருந்தது. அடுத்த வாரமே மாற்றினேன்.

மலைப்பாதை நம் ஊர் மலைப்பாதை மாதிரி இருக்குமா?

நீளத்தில் கிட்டவே வராது. கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. மில்புரூக்கில் இருப்பது சின்ன மலைதான். ஆனால் ஏற்றம், இறக்கம், குருட்டு வளைவு, மேட்டின் உச்சியில் கார் லேசாகிப்போகும் இடம் என்று எல்லாவற்றையும் நெருக்கி வைத்திருக்கிறார்கள். 'கசினோ ராயல்' என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஆஸ்டன் மார்ட்டின் கார் ஒன்று ஏழு முறை உருளும் புகழ்பெற்ற சாகசக் காட்சியை 2006இல் மில்புரூக்கில்தான் படமாக்கினார்கள். கார் அவ்வளவு தாழ்வாக இருந்ததால் சாய்தளத்தில் ஏற்றியும் கவிழ மறுத்தது. கடைசியில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வாயுவில் இயங்கும் ஒரு பீரங்கியைப் பொருத்தித்தான் கவிழ்த்தார்கள்.

இந்தப் பாதை சோதிப்பது பிரேக்கை. எங்கள் குழுவில் ஒருவருக்கு மூன்றாவது இறக்கத்தில் மிதி ஸ்பாஞ்சைப் போல அமுங்கிவிட்டது. பிரேக் திரவத்தை மாற்றி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி; குமிழியை அமுக்கலாமே தவிர அதைக்கொண்டு சக்கரத்தை நிறுத்த முடியாது. ஊட்டியிலிருந்து இறங்கும்போது 'இரண்டாம் கியரில் செல்லவும்' என்று பலகை வைத்திருப்பது இதனால்தான். பிரேக்கின் வேலையில் பாதியை எஞ்சின் வாங்கிக்கொண்டால் சூடு ஏறாது. தேர் இறக்கத்தில் வரும்போது முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மோதல் சோதனையைப் பார்க்க முடிந்ததா?

கூடத்தைப் பார்த்தோம், சோதனை நடக்கும் நேரத்தில் உள்ளே விடுவதில்லை. ஆனால் அங்கே நின்ற இருபது நிமிடம்தான் அந்த நாளில் என்னை அதிகம் பாதித்தது.

ஸ்லெட் என்று ஒரு தள்ளுமேடை. முழுக் காரை உடைக்காமல், இருக்கை, சீட் பெல்ட், காற்றுப்பை ஆகியவற்றை மட்டும் அதில் பொருத்திச் சோதிக்கிறார்கள். கார் ஓடிவந்து மோதி நிற்பதற்குப் பதிலாக, நின்றிருக்கும் மேடையை ஒரே உந்தில் பின்னோக்கித் தள்ளுகிறார்கள். உட்கார்ந்திருக்கும் பொம்மைக்கு இரண்டும் ஒன்றுதான். அந்தப் பொம்மைகள் வரிசையாக நாற்காலிகளில் இருந்தன. பெரிய ஆண் பொம்மை ஒன்று ஏறக்குறைய 78 கிலோ. பக்கத்தில் மூன்று வயதுக் குழந்தை அளவில் ஒன்று. முழங்காலில் மஞ்சள் சாயம் ஒட்டியிருந்தது; மோதும்போது எங்கே படுகிறது என்று அடையாளம் தெரிவதற்காகப் பூசுவார்களாம். யாரோ சற்றுமுன் விளையாடி எழுந்து வந்த பிள்ளை போல இருந்தது.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் சட்டென்று நின்றால், பெல்ட் போடாதவருக்கு அது 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 50 என்பது நம் ஊர்த் தெருக்களில் தினமும் போகும் வேகம். பின்இருக்கையில் இருந்தாலும் கணக்கு மாறாது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு 'நான் பிடித்துக்கொள்கிறேன்' என்று சொல்லும் உறவினர்களிடம் இப்போதெல்லாம் கூச்சப்படாமல் மறுத்துவிடுகிறேன். எந்தக் கைக்கும் அந்த வலு கிடையாது.

பஸ்களையும் அங்கே சோதிப்பார்களா?

ஆம். அதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று இருக்கிறது. லண்டன் பஸ்களின் புகையையும் எரிபொருள் செலவையும் அளப்பதற்கென்று மில்புரூக் பெயரிலேயே ஓர் ஓட்ட அட்டவணை உண்டு. லண்டனின் 159ஆம் எண் பஸ் நிஜத்தில் எப்படி நின்று நின்று போகிறது என்பதைப் பதிவு செய்து, அதே நடையைச் சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல் திரும்ப ஓட்டுகிறார்கள். பழைய ரூட்மாஸ்டர் பஸ்கள் 2005 டிசம்பரில் வழக்கமான சேவையிலிருந்து விடைபெற்றதும் இதே 159இல்தான். நெரிசல் சாலையில் நின்று நகரும் பஸ்ஸின் புகையை, காலியான சாலையில் ஓட்டி அளந்தால் அது பொய்க் கணக்கு. சென்னையின் 27சியையோ 21ஜியையோ இப்படிப் பதிவு செய்து சோதித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

படம் எடுக்கலாமா?

கூடாது. வாசலிலேயே போனின் முன்னும் பின்னும் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். இன்னும் வெளிவராத கார்கள், சுழல்கோடு போட்ட உறையில், உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் உங்களுக்கு அனுப்ப என்னிடம் ஒரு படமும் இல்லை.

160தானா? இன்னும் வேகமாகப் போகும் களங்கள் இல்லையா?

வட்டம் பெரிதாகப் பெரிதாக வேகம் கூடும். இத்தாலியின் தென்கோடியில் நார்தோ என்ற இடத்தில் 12 கிலோமீட்டருக்கும் மேல் சுற்றளவு கொண்ட வட்டம் இருக்கிறது. ஃபியட் கட்டியது, இப்போது போர்ஷேயிடம் உள்ளது. அதன் வெளித்தடத்தில் கையைத் தளர்த்தும் வேகம் 240 கி.மீ. ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகனின் ஏரா-லெஸியன் களத்தில் ஏறக்குறைய 9 கி.மீ. நீள நேர்ப்பாதை உண்டு. 2019 ஆகஸ்டில் ஆண்டி வாலஸ் என்ற ஓட்டுநர் புகாட்டி கார் ஒன்றை அங்கே மணிக்கு 490 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோனார். என் காருக்கு 160 போதும். அதன் கான்வாஸ் கூரை அந்த வேகத்தில் பாய்மரம் போல அடித்துக்கொண்டது.

இந்தியாவில் இப்படிப்பட்ட இடம் உண்டா?

நிறையவே உண்டு, நம்மவர்களுக்குத் தெரிவதில்லை என்பதுதான் குறை. புனேயில் ஏராய் என்ற வாகன ஆராய்ச்சிச் சங்கம் 1966 முதல் இயங்குகிறது. மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் அருகே பீதம்பூரில் நேட்ராக்ஸ் களத்தின் 11.3 கி.மீ. அதிவேகப் பாதை 2021 ஜூனில் திறக்கப்பட்டது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் மத்திய அரசின் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மோதல் கூடமும் ஓட்டப் பாதைகளும் அங்கே உண்டு. செய்யாறு அருகே மஹிந்திரா தனக்கென்று ஒரு சோதனைக் களம் வைத்திருக்கிறது. ஒரகடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் திடல். பந்தயத்துக்கும் சோதனைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே நாளில் பார்க்கக்கூடிய ஊர் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம்.

2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்ற, கார்களின் மோதல் பாதுகாப்புக்கான நட்சத்திர மதிப்பீடும் வந்துவிட்டது. கார் வாங்கப்போகும் உறவினர்கள் மைலேஜ் கேட்பதற்குமுன் இந்த நட்சத்திரத்தைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

பிள்ளைகளை அழைத்து வரலாமா? மழை பெய்தால்?

எங்கள் வருகையில் ஓடும் காருக்குள் சிறுவர்களை அனுமதிக்கவில்லை. மழை பெய்தால் வட்டப்பாதையில் வேகத்தைக் குறைப்பார்கள். பலமாகப் பெய்தால் மூடிவிடுவார்கள். எங்களுக்கு மதியம் ஒரு மணி நேரம் போயிற்று.

காப்பீடு செல்லுமா?

உங்கள் வழக்கமான கார் காப்பீடு அநேகமாகச் செல்லாது. பிரிட்டனில் பெரும்பாலான பாலிசிகள் பொதுச் சாலைக்கு வெளியே இப்படி ஓட்டுவதை விலக்கியே வைத்திருக்கும். நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒரு நாள் காப்பீடு தனியாகக் கிடைக்கும்.

அடுத்த முறை நான் வருகிறேன். காரை எப்படித் தயார் செய்வது?

ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. '1817' என்றிருந்தால் 2017இன் 18ஆம் வாரம் செய்தது. அவ்வளவு பழையதென்றால் மாற்றிவிடுங்கள், பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும். பிரேக் திரவம் இரண்டு ஆண்டைத் தாண்டியிருந்தால் புதிதாக ஊற்றச் சொல்லுங்கள். ஆயில், குளிர்நீர், பேட்டரி இறுக்கம் பாருங்கள். காருக்குள் உருளக்கூடிய எதையும் வைக்காதீர்கள். குடை, காசு, குழந்தையின் பொம்மை எல்லாம் வீட்டில் இருக்கட்டும். டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில், புறப்படும் காலையில், வீட்டிலேயே அளந்துவிடுங்கள். சூடானபின் அளந்து குறைப்பது பலரும் செய்யும் தவறு.

வீடு திரும்பிய மறுநாள் சக்கர நட்டுகளை, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து ஒரு முறை சரிபாருங்கள். என் காரில் பதினாறு நட்டுகளில் ஒன்று கால் சுற்று தளர்ந்திருந்தது.